கோட்டு இருக்கும், வழக்கு இருக்காது

கேள்வி: டெக்சாஸில் ஃபெடரல் அரசு வழக்கறிஞராக 13 வருடமாக வேலை பார்க்கிறேன். கொலம்பியாவில், போகோட்டா தூதரகத்தில் தங்கி அந்த நாட்டு அரசு வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி தரும் சட்ட ஆலோசகர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஸ்பானிஷ் ஓரளவு வரும். கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். மகள் எட்டாவது படிக்கிறாள். மாமியாரும் எங்களுடன்தான், வயது 72, ரத்த அழுத்தம் உண்டு. வேறொரு நாட்டு வக்கீல்களுக்குப் பாடம் எடுக்க நான் யார் என்ற கூச்சம் ஒரு பக்கம், திரும்பி வந்தால் இங்கே என் நாற்காலி இருக்குமா என்ற பயம் இன்னொரு பக்கம். — பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்: போகோட்டாவில் அதே ஆலோசகர் நாற்காலியில் இரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், விண்ணப்பியுங்கள். ஆனால் கோர்ட்டில் எழுந்து நின்று பேசுவதுதான் உங்களுக்கு உயிர் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள். அங்கே உங்களுக்கென்று ஒரு வழக்குகூடக் கிடையாது. அடுத்தவர் வழக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் அது அவர்களுடையது. எனக்கு முதல் ஆறு மாதம் கை பரபரத்துக்கொண்டே இருந்தது.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வரி. அமெரிக்க நீதித்துறையில் 1991-இல் தொடங்கிய ஓப்டாட் என்ற பிரிவுதான் இப்படி வழக்கறிஞர்களை வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு அனுப்புகிறது. பணம் பெரும்பாலும் வெளியுறவுத் துறையிடமிருந்து வரும். தூதரகத்தில் ‘லீகல் அட்டாஷே’ என்று இன்னொருவர் இருப்பார். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவர் எஃப்.பி.ஐ. ஆள். அவருக்கு வரவேண்டிய போனெல்லாம் முதல் மாதம் எனக்குத்தான் வந்தது.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். கொலம்பியாவில் முன்பெல்லாம் வழக்கு என்றாலே கோப்புதான். சாட்சி சொன்னதை எழுதிச் சேர்ப்பார்கள், கட்டு தடித்துக்கொண்டே போகும், நீதிபதி அதைப் படித்துத் தீர்ப்பு எழுதுவார். 2004-இல் வந்த 906-ஆம் எண் சட்டம் அதை மாற்றி, சாட்சி நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று கொண்டுவந்தது. 2005 ஜனவரி 1-இல் போகோட்டா உட்பட நான்கு நகரப் பகுதிகளில் தொடங்கி, 2008-க்குள் நாடு முழுக்கப் பரவியது. ஆக, நீங்கள் சந்திக்கப்போகும் இளைஞர்களுக்குப் பழைய முறை கதையாகத்தான் தெரியும். குறுக்கு விசாரணை என்றால் என்ன என்று ஆரம்பித்தீர்களென்றால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு செல்போனைப் பார்ப்பார்கள்.

நான் அதைத்தான் செய்தேன். முதல் பயிற்சியில், ஹூஸ்டன் ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) முன்னால் பேசுவதுபோல முழு அபிநயத்தோடு ஒரு தொகுப்புரை, அதாவது விசாரணை முடிவில் வக்கீல் பேசும் வாதம், செய்து காட்டினேன். பின் வரிசையில் ஒரு அம்மா, என்னைவிட மூத்தவர், கையைத் தூக்கினார். “டாக்டோரா, எங்களுக்கு ஜூரியே இல்லையே. யாரைப் பார்த்து இவ்வளவும்?” (அங்கே வக்கீல் என்றாலே டாக்டர்தான், பழகிக்கொள்ளுங்கள்.) அறை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் அவர் உண்மையான கேள்வியைக் கேட்டார். “முதல் சாட்சி முடிந்ததும் விசாரணையைத் தள்ளிவைப்பார்கள். அடுத்தது மூன்று மாதம் கழித்து. முதல் சாட்சி சொன்னது நீதிபதிக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. என் அனுபவத்தில் ஒரு விசாரணை தொடங்கினால் அந்த வாரமே முடிந்துவிடும்.

பதில் அவரிடமே இருந்தது. அங்கே விசாரணை முழுவதும் பதிவாகிறது. அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் சாட்சியின் பெயர், முக்கியமான பதில், பதிவில் அது வரும் நிமிடம், வினாடி என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். தொகுப்புரையில் “14-ஆவது நிமிடத்தில் காவலர் இதைச் சொன்னார்” என்று நீதிபதிக்குச் சுட்டிக்காட்டுவார். அடுத்த பயிற்சியில் அந்த நோட்டுதான் பாடம், ஆசிரியை அவர். நான் புரொஜெக்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஸ்பானிஷ் ‘ஓரளவு’ போதாது. வீட்டு ஸ்பானிஷைச் சொல்லவில்லை. சம்பவ இடத்தில் எடுத்த கத்தி அவர்கள் சட்டத்தில் ‘எவிடென்ஸியா’. விசாரணையில் நீதிபதி முன்னால் முறைப்படி வைத்த பிறகுதான் அது ‘ப்ருவெபா’ ஆகும். மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் ‘எவிடென்ஸ்’ என்று சொல்லிவிட்டால், நீங்கள் ஒன்றைப் பேச அவர்கள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். போவதற்கு முன் 906-ஆம் சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள். இன்னொன்று, ‘நீ’ என்ற தொனி வேண்டாம். போகோட்டாவில் நண்பர்களுக்குள்ளேயே ‘உஸ்தெத்’ சர்வசாதாரணம், நம்முடைய ‘நீங்கள்’ போல. அப்புறம், “நீங்கள் இந்துவா?” என்று கேட்பார்கள். மதத்தை விசாரிக்கவில்லை, இந்தியரா என்று கேட்கிறார்கள்.

நாற்காலி விஷயம். பொதுவாக இந்த நியமனம் ஒரு வருடத்துக்குக் குறையாது, நீட்டிப்பும் கிடைக்கும். பழைய அலுவலகத்துக்குத் திரும்பலாம் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் எழுதி வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, பதவிக்கான பணம் எந்தத் தேதி வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்து உத்தரவு வந்தது ஞாபகம் இருக்கும். வெளியுறவுப் பணத்தில் ஓடும் வேலைக்கு அந்த ஆபத்து எப்போதும் உண்டு. கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள்.

கணவர் இப்போதைய வேலையை அங்கிருந்தே செய்யலாம் என்று அவராக முடிவு செய்துவிட வேண்டாம். அவர் நிறுவனமும் சம்மதிக்க வேண்டும், தூதரகமும் சம்மதிக்க வேண்டும். வீடும் மகளின் பள்ளியும் பெரிய தலைவலி இல்லை, தூதரகம் பார்த்துக்கொள்ளும். எட்டாவது முடித்துப் போவது நல்லது, பத்தாவதில் இழுத்துக்கொண்டு போனால்தான் பாடு.

மாமியார்தான் கடினம். அவர் பெருமளவு உங்கள் ஆதரவில் வாழ்கிறார் என்று காட்டினால்தான் குடும்ப உறுப்பினராகப் பயண ஆணையில் சேர்ப்பார்கள். அதோடு போகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியைவிட உயரம். முதல் வாரம் ஒரு மாடி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது, அப்போது எனக்கு வயது 46. விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் அவரிடமே கேளுங்கள். கடிதத்தில் எல்லோருடைய கவலையும் இருக்கிறது, அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை.