ஒரே டிக்கெட்டுக்கு எதுக்கு ரெண்டு பி.என்.ஆர்.?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. சென்னையிலேருந்து ஃப்ராங்க்ஃபர்ட்ல இருக்கிற தம்பி வீட்டுக்கு அனுப்புறதுக்காக ஒரு புக்கிங் சைட்ல டிக்கெட் போட்டேன், வீல்சேர் வேணும்னு டிக் பண்ணேன். சைட்ல குடுத்த ஆறெழுத்து நம்பரை ஏர்லைன்ஸ் ஆப்ல போட்டா அப்படி ஒரு புக்கிங்கே இல்லைங்குது. அப்பா பேரோட கடைசியில எம்.ஆர்.னு ரெண்டெழுத்து வேற ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏமாந்துட்டேனா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பதட்டப்படாதீங்கம்மா, நீங்க சொல்றதை வச்சு பார்த்தா ஏமாத்து வேலை மாதிரி தெரியலை. இந்த மாதிரி சைட் நிறைய, நேரா ஏர்லைன்ஸ்கிட்ட போகாம நடுவுல இருக்கிற பெரிய ரிசர்வேஷன் சிஸ்டம் வழியாத்தான் டிக்கெட் எடுக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960கள்ல கொண்டுவந்த சேபர், 1987ல ஏர் ஃப்ரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ். நாலும் சேர்ந்து தொடங்கின அமடியஸ், இதெல்லாம் அந்த வகை. நீங்க பணம் கட்டினதும் அந்த சிஸ்டம் தன் நோட்டுல ஒரு பதிவு எழுதி அதுக்கு பி.என்.ஆர்.னு ஒரு ஆறெழுத்து நம்பர் வைக்கும், அப்புறம் ஏர்லைன்ஸுக்கு மெசேஜ் போகும், ஏர்லைன்ஸ் தன் நோட்டுல இன்னொண்ணு எழுதி அதுக்கு வேற ஆறெழுத்து வைக்கும். உங்ககிட்ட இருக்கிறது அந்த முதல் நோட்டு நம்பரா இருக்கும். சைட்டுக்கு போன் போட்டு ஏர்லைன் பி.என்.ஆர். குடுங்கன்னு கேளுங்க, நடுவுல விமானம் மாறி வேற கம்பெனின்னா அதுக்கும் தனியா கேளுங்க. 13 இலக்க இ-டிக்கெட் நம்பர் வந்திருச்சான்னும் பாருங்க, அதுதான் டிக்கெட் நிஜமா போட்டாச்சுங்கிறதுக்கு அடையாளம்.

அந்த எம்.ஆர். வந்து மிஸ்டர்தான். டெலிபிரிண்டர் காலத்து மெசேஜ் முறையில குடும்பப்பேர், ஒரு சாய்கோடு, சொந்தப்பேர், அதோட ஒட்டியே மிஸ்டர்னு அனுப்புவாங்க, அந்தப் பழக்கம் இன்னும் போகலை, கவுன்ட்டர்ல இருக்கிறவங்களுக்கு இது தெரியும். ஆனா பாஸ்போர்ட்ல குடும்பப்பேர் கட்டமே காலியா இருக்கிற நம்ம ஊர்க்காரங்க பாடுதான் கஷ்டம், ஒரு சைட் அதே பேரை ரெண்டு தடவை போடுங்கும், இன்னொண்ணு வேற மாதிரி கேக்கும். அப்பா பேர் பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே போயிருக்கான்னு மட்டும் ஏர்லைன்ஸ்ல கேட்டுக்குங்க.

எனக்கு நிஜமா கவலை அந்த வீல்சேர் பத்திதான். சைட்ல ஒரே ஒரு டிக், ஆனா ஏர்லைன்ஸ் சிஸ்டத்துல அதுக்கு மூணு கோட் இருக்கு. படி ஏறுவாரு, தூரம் நடக்க முடியாதுன்னா டபிள்யூ.சி.எச்.ஆர்., படியும் ஏற முடியாதுன்னா கடைசி எழுத்து எஸ், சீட் வரைக்கும் கொண்டு போய் உக்கார வைக்கணும்னா கடைசி எழுத்து சி. பல சைட் இந்த வித்தியாசத்தைக் கேக்குறதே இல்லை, மெசேஜ் என்னவோ ஒழுங்கா போய் சேர்ந்துடும், ஆனா ஏரோபிரிட்ஜ் இல்லாம படியில ஏத்துற இடத்துல அப்பா நிக்கும்போதுதான் தப்பான கோட் போயிருக்கிறது தெரியும், அதுவும் 74 வயசுல அந்த வெயில்ல. அதனால ஏர்லைன் பி.என்.ஆர். கைக்கு வந்த அன்னிக்கே ஏர்லைன்ஸுக்குப் பேசி, அப்பாவால எது முடியும் எது முடியாதுன்னு வாயால சொல்லி, எந்த கோட் போட்டிருக்காங்கன்னு கேட்டு எழுதி வச்சுக்குங்க. ரெண்டு ஏர்லைன்ஸ்னா ரெண்டு இடத்துலயும்.

கேள்வி: கொடைக்கானல்ல 6 ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறேன். மூணு சைட்ல போட்டு காலண்டர் லிங்க்கால இணைச்சிருக்கேன், ஆனாலும் ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்குது.
வாசகர், கொடைக்கானல்

பதில்: சார், அந்த லிங்க்ல போறது எந்த தேதி காலி, எந்த தேதி புக் ஆயிடுச்சுங்கிறது மட்டும்தான், விலையோ சாப்பாடு கணக்கோ போகாது. அதையும் ஒவ்வொரு சைட்டும் தனக்குத் தோணுற நேரத்துல வந்து எடுத்துக்கும், உடனுக்குடன் இல்லை, அந்த இடைவெளியில இன்னொருத்தர் புக் பண்ணிடுறாரு. சேனல் மேனேஜர் சாஃப்ட்வேர் போட்டா ஒரு இடத்துல ரூம் போனதும் மத்த சைட்டுக்கு அதுவே தகவல் அனுப்பிடும். முதல் நாள் ரூமை இணைக்கும்போது மட்டும் நிதானமா உக்காந்து பாருங்க, நீங்க டீலக்ஸ்னு சொல்ற ரூமை ஒரு சைட் வேற வகையில வச்சிருக்கும், காலை டிபனோட போடுற சி.பி. ரேட் இன்னொரு சைட்ல வெறும் ரூம் ரேட்டா ஏறியிருக்கும், எத்தனை வயசு வரைக்கும் குழந்தைங்கிறதும் சைட்டுக்கு சைட் மாறும். அந்த சாஃப்ட்வேர் வர்ற வரைக்கும் பொங்கல் லீவு, மே மாசம் மாதிரி நாள்ல கடைசி ரூமை ஒரு சைட்ல மட்டும் விட்டுட்டு மத்த ரெண்டுலயும் நீங்களே கையால மூடிடுங்க.