கிளைடரைக் கயிறு கட்டி இழுக்கும்போது: கேள்வி பதில்

அமெரிக்காவில் கிளைடர்களை (எஞ்சின் இல்லாத விமானங்களை) கயிறு கட்டி மேலே இழுத்துச் செல்லும் விமானம் ஓட்டுகிறேன். பதில்கள் அங்குள்ள விதி, வழக்கப்படி.

கயிறு எவ்வளவு உறுதியோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. அறுபட வேண்டிய நேரத்தில் அது அறுபட்டாக வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி 91.309-இன்படி, கிளைடரின் அதிகபட்ச எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாமலும் இரண்டு மடங்குக்கு மிகாமலும் கயிற்றின் வலு இருக்க வேண்டும். ஷ்வைசர் 2-33 கிளைடருக்கு எடை வரம்பு 1,040 பவுண்டு. ஆக, 832 முதல் 2,080 பவுண்டு வரை. கயிறு அதைவிட வலுவானது என்றால், இரு முனையிலும் வீக் லிங்க் (வேண்டுமென்றே வலு குறைவாக வைத்த இணைப்பு) போட வேண்டும். கிளைடர் முனையில் இருப்பதுதான் முதலில் அறுபட வேண்டும்.

தினமும் காலையில் கயிறு முழுவதையும் விரல்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பார்ப்பேன். ஒரு முடிச்சு தட்டுப்பட்டாலும் அந்தக் கயிறு அன்றைக்கு வேண்டாம். முடிச்சு வலுவைப் பாதியாக்கிவிடும்.

முன்னால் போகும் விமானம் வாலை ஆட்டினால் கயிற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம்! ரடரை (வாலில் உள்ள திசைத் தகட்டை) இடம் வலமாக ஆட்டினால், "உங்கள் ஸ்பாய்லர் திறந்திருக்கிறது, பாருங்கள்" என்று பொருள். ஸ்பாய்லர் என்பது இறக்கையில் எழுந்து நின்று உயரத்தைக் குறைக்கும் தகடு. இறக்கைகளைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால் மட்டுமே "உடனே விடு". இரண்டையும் குழப்பிக்கொண்டு, திறந்த ஸ்பாய்லரோடு தாழ்வான உயரத்தில் விட்டுவிட்டால் ஓடுபாதைக்குத் திரும்பி வர உயரம் போதாது. இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இழுக்கும் விமானிக்கு என்ன பெரிய ஆபத்து?

பின்னால் கிளைடர் சட்டென்று மேலே ஏறுவதுதான். கயிறு என் வாலைத் தூக்கும், மூக்கு தரையைப் பார்க்கும். கட்டுப்பாட்டுக் குச்சியை வயிறுவரை இழுத்தாலும் மூக்கு எழாது. சில வகைக் கொக்கிகள் அந்த மேல்நோக்கிய இழுப்பில் சிக்கிக்கொண்டு விடுபடாமலும் போகலாம். தாழ்வாக இருந்தால் எனக்குச் சில நொடிகள்தான். அதனால் கிளைடர் ஓட்டுபவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: முன்னால் இருக்கும் விமானம் கண்ணிலிருந்து மறைந்த அந்தக் கணமே கயிற்றை விடுங்கள். சரிசெய்து பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

புறப்பட்டதும் கயிறு அறுந்தால்?

200 அடிக்குக் கீழே என்றால் நேராக எதிரே இறங்குங்கள், திரும்பாதீர்கள். அதற்கு மேல் என்றால் ஓடுபாதைக்குத் திரும்பலாம் என்பது பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு. காற்றும் இடமும் பார்த்து இதைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். 200 அடி தாண்டியதும் "200 அடி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கிளைடரில் கொக்கி விடுபடவே இல்லை என்றால்?

ரேடியோவில் சொல்லுங்கள். முடியாவிட்டால், இடது பக்கம் ஒதுங்கி வந்து இறக்கைகளை ஆட்டுங்கள். விமானக் களத்துக்கு மேலே கொண்டுவந்து என் முனையில் விடுவேன். அப்புறம் கயிறு உங்களிடம் தொங்கும், வேலி மரங்களில் மாட்டாதபடி வழக்கத்தைவிட உயரமாக வந்து இறங்குங்கள்.