முதலில் உங்கள் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு 13 வயது, வரும் ஜனவரியில் 14 முடியும். நடுவில் பெண், 9 வயது. கடைக்குட்டிக்கு 6. போன வருடம் முதல் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஜூன் மாதம் மூவருக்கும் தனித்தனியாக, 40 நிமிடம் வீதம் ஆறு பாடவேளை போட்டு அட்டவணை ஒட்டினேன். ஆடி பிறப்பதற்குள் அட்டவணை சுவரில் இருந்தது, நாங்கள் அதில் இல்லை. சின்னவன் அழுவான், பெரியவன் பாதியில் எழுந்து போவான், பெண் யாரும் கவனிக்காமல் படம் வரைந்துகொண்டிருப்பாள். கணவர் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார், இரவில்தான் வீட்டில் இருப்பார். புதிய பருவத்தை எப்படித் திட்டமிடுவது? பெரியவனின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இப்போதே என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, பவானி

பதில்: உங்கள் பழைய அட்டவணையை ஒருமுறை பெருக்கிப் பாருங்கள். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஆறு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம்: 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். சொல்லிக்கொடுக்க நீங்கள் ஒருவர்தான். அட்டவணை ஆடி வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அது நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் என்ற பள்ளிக்காகப் போட்ட கணக்கு. வீட்டில் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து 20 நிமிடம் வாய்ப்பாடு கேட்டால் ஒரு பாடவேளை வேலை முடிந்துவிடும்.

அதனால் பிள்ளைகளின் பாடங்களிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு நாளில் நீங்கள் அடுப்பையும் போனையும் விட்டுவிட்டு முழுதாக உட்காரக்கூடிய நேரம் எவ்வளவு? பெரும்பாலான வீடுகளில் காலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தேறாது. அந்த மூன்று மணியை எப்படிப் பங்கு வைப்பது என்பதுதான் திட்டம்.

பங்கு வைக்க ஒரே அளவுகோல் போதும். பக்கத்தில் ஆள் இல்லாமல் நடக்காத பாடம் எது? கணக்கும், எழுதப் படிக்கக் கற்பதும்தான். இவை ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நிலையில் தனியாக நடக்க வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், கதை, பாட்டு, ஓவியம் எல்லாவற்றையும் மூவருக்கும் ஒன்றாகவே நடத்தலாம்.

தனிநேரம் இப்படி வரும்: சின்னவனுக்குத் தமிழ் 20 நிமிடம், கணக்கு 15. பெண்ணுக்குக் கணக்கு 25, மொழி 20 (ஒருநாள் தமிழ், மறுநாள் ஆங்கிலம்). பெரியவனுக்குக் கணக்கு 40, அவன் எழுதியதைத் திருத்த 15. மொத்தம் 135 நிமிடம். காலையில் மூவரையும் உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்ட 30 நிமிடம் சேர்த்தாலும் மூன்று மணிக்குள் அடங்கிவிடும்.

வரிசை முக்கியம். கடைக்குட்டிக்குத்தான் முதல் முறை. பெரியவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம் என்றால், அந்த நாற்பது நிமிடமும் சின்னவன் உங்கள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பான். அம்மா கிடைத்துவிட்டாள் என்று ஆன பிள்ளை, அடுத்த அரை மணி நேரம் களிமண்ணோடு தானாக உட்காரும். அந்த நேரத்தில் பெரியவன் நேற்றுச் சொல்லிக்கொடுத்த கணக்கில் பத்துப் பயிற்சி போடட்டும். புதுப்பாடத்தைத் தனியாகப் பார்க்கச் சொன்னால்தான் அவன் பாதியில் எழுந்து போகிறான். பெரியவனின் முறை வரும்போது பெண் சின்னவனுக்கு 15 நிமிடம் கதை வாசித்துக் காட்டட்டும். அன்றைக்கு அவளுடைய வாசிப்புப் பயிற்சியும் அதுதான். பெரியவனைத் தம்பிக்கு வாத்தியார் ஆக்குவது மட்டும் வேண்டாம். ஒருநாள் இருநாள் பெருமையாகச் செய்வான், பிறகு தன் படிப்பு கெடுகிறது என்ற கோபம் வரும், அது நியாயமான கோபம்.

மணி பார்த்துத் தொடங்க வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வருவதும் கேஸ் சிலிண்டர் வருவதும் உங்கள் கையில் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரிசை மாறாமல் நடந்தால் போதும்.

இனி வாரக் கணக்கு. ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கினால் தீபாவளி வரை, அது விழும் தேதியைப் பொறுத்து, 18 முதல் 22 வாரம் கிடைக்கும். 20 என்று வைத்துக்கொண்டால் 16 வாரத்துக்கு மட்டும் பாடம் எழுதுங்கள். நான்கு வாரம் பாடம், ஐந்தாவது வாரம் காலி. அந்தக் காலி வாரத்தைக் காய்ச்சல், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் தின்றுவிடும். தின்னாமல் மிஞ்சினால் விட்டதைப் பிடிக்கலாம். வாரத்திலும் நான்கு நாள்தான் பாடம்; வெள்ளிக்கிழமை நூலகம், கைவேலை, பாக்கி. ஆக, பருவம் முழுவதற்கும் 64 பாட நாள்.

இந்த 64 நாளுக்குத் தேதி போடாதீர்கள். திட்டங்கள் சாகிற இடமே அதுதான். ஜூலை 4, பக்கம் 22 என்று எழுதிவைத்த பிறகு மூன்று நாள் காய்ச்சல் வந்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் தேதியும் பொய்யாகிவிடும். நோட்டைத் திறக்கவே மனசு வராது. கணக்கு 1, கணக்கு 2 என்று எண் மட்டும் போட்டு, முடித்த அன்று பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் படுத்தாலும், எழுந்து கணக்கு 17-இலிருந்து தொடரலாம். தேதி போட்ட இந்த நோட்டே பிற்பாடு யாராவது ‘என்ன படித்தான்’ என்று கேட்டால் காட்டும் ஆவணமாகவும் இருக்கும்.

எந்த இடத்தில் தொடங்குவது என்பதை வயதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். முதல் மூன்று நாள் பாடமே நடத்தாமல், போன வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பாடத்துக்கு ஐந்து கணக்கு வீதம் கொடுங்கள். நான்கு சரி என்றால் அந்தப் பாடத்தைத் தாண்டலாம். மூன்று என்றால் ஒருநாள் திருப்பிப் பார்க்கலாம். இரண்டோ குறைவோ என்றால் அங்கேதான் தொடக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சின்னவனுக்கும் பெண்ணுக்கும் முதல் பருவப் புத்தகம் போதும். எல்லாவற்றையும் அச்செடுத்துக் காசைக் கரைக்காதீர்கள், கணக்கை மட்டும் எடுங்கள்.

பெண்ணிடம் ஏழாம் வாய்ப்பாட்டை வரிசையாகக் கேட்காமல் ‘ஏழெட்டு எத்தனை?’ என்று இடையில் கேளுங்கள். ஓரேழ் ஏழிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால் பாட்டு மனப்பாடம், பெருக்கல் இன்னும் ஆகவில்லை என்று பொருள். வகுத்தல் வரும்போது இதே இடத்தில்தான் மாட்டுவாள். சின்னச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கித் தினம் ஐந்து நிமிடம் கேட்டால், சரியாகச் சொன்னது ஒரு பக்கம், தடுமாறியது மறுபக்கம் எனப் பிரிந்துவிடும். மறுநாள் தடுமாறியதை மட்டும் எடுங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கிக்கொடுங்கள். இந்த வயதில் பெருக்கல் தப்புகளில் நிறைய, இலக்கம் ஒன்றன்கீழ் ஒன்று நேராக விழாததால் வருபவை. எழுத்துப் பிழைக்கு, வாரம் மூன்று முறை ஆறு வரி சொல்வதை எழுதல். திருத்தும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடியை மட்டும் பாருங்கள்: முதலில் ர, ற, பிறகு ல, ள, ழ. பக்கம் முழுக்கச் சிவப்பு மை போட்டால் அவள் தெரிந்த சொற்களையும் எழுத மாட்டாள்.

சின்னவனுக்கு 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வாசிக்க வைக்கலாம் என்று காத்திருந்தால் பருவம் முடிந்துவிடும். ட, ப, ம என வடிவம் ஒத்த மூன்றை எடுத்து, புள்ளியையும் சேர்த்துக் காட்டினால் முதல் வாரத்திலேயே படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசிப்பான். அடுத்து க, த, ந சேர்ந்தால் தடம், நகம், பக்கம். சொல்லை வாசித்த சந்தோஷம்தான் அவனை மறுநாள் உட்கார வைக்கும். ஆங்கில எழுத்தை ஒன்பதாவது வாரம் தொடங்கலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், இருக்கிற 20 நிமிடத்தில் இரண்டுமே அரைகுறை ஆகும். கணக்குக்குப் புளியங்கொட்டை நூறு, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சி பத்துக் கட்டு. வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

சேர்ந்து படிக்கும் பாடத்துக்கு நீங்கள் இருக்கும் ஊரே கொடுத்து வைத்த ஊர். காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு வாரத்துக்குத் தாங்கும். வாரம் இரண்டு பிற்பகல், ஒன்றரை மணி நேரம். மேட்டூர் அணையில் டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்த நாளில் திறந்தார்களா, இல்லையென்றால் ஏன் என்பதில் தொடங்கலாம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. செய்தித்தாளில் தினமும் வரும் நீர்மட்டத்தைச் சின்னவன் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். பெண் அதை வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைக்கட்டும். பெரியவன், கோடு ஏறும் நாளில் குடகிலும் வயநாட்டிலும் மழை எப்படி என்று தேடி ஒரு பத்தி எழுதட்டும். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். உங்கள் மாடியில் உள்ள ஆயிரம் லிட்டர்த் தொட்டி எத்தனை நிரம்பும் என்று கேட்டால் 2.83 கோடி என்று விடை வரும். அடுக்குக்குறியில் எழுதக் கற்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அடுத்த கேள்வி: நீர்மட்டம் 60 அடி என்றால் அணை பாதி நிரம்பியிருக்கிறதா? செய்தித்தாளில் வரும் இருப்பு பாதியைவிட மிகக் குறைவாக இருக்கும். அடியில் குறுகி மேலே விரிந்த கிண்ணம் ஒன்றில் தண்ணீர் ஊற்றிக் காட்டினால் மூவருக்கும் புரியும். உங்கள் ஊர்க் கூடுதுறைக்கு ஒருநாள் போய் வந்தால், வரைபடத்தில் பவானி ஆறு காவிரியில் எங்கே சேர்கிறது என்று சின்னவனே விரல் வைப்பான். பெண் தலைக்காவிரி முதல் பூம்புகார் வரை ஆற்றின் வளைவுகளில் நூலை வைத்து, படத்தின் அளவுத்திட்டத்தால் நீளம் கண்டுபிடிக்கட்டும்.

மழைமானி செய்யும் ஆசை வரும். ஜூனில் வேண்டாம், உங்கள் பக்கம் நல்ல மழை அக்டோபர், நவம்பரில்தான். வாரக்கணக்கில் பூஜ்யம் எழுதிச் சலித்துப்போவார்கள். செப்டம்பரில் வையுங்கள். பக்கச்சுவர் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலைத் தோள்பட்டைக்குக் கீழே வெட்டி, மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் அளவு தப்பும். கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போடுங்கள். காற்றில் சாயாமல் இருக்கவும் கல் உதவும். வெயிலில் நீர் கோட்டுக்குக் கீழே போனால் மறுபடி நிரப்ப மறக்கக் கூடாது. தினமும் காலை 8.30-க்கு அளவு எடுங்கள். வானிலைத் துறை மழைக் கணக்கு எடுக்கும் நேரமும் அதுதான், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சேர்ந்து படிக்கும்போது ஒரு ஆபத்து உண்டு: கேள்வி முடிவதற்குள் பெரியவன் பதில் சொல்லிவிடுவான், மற்ற இருவரும் வேடிக்கை பார்ப்பார்கள். எப்போதும் சின்னவன் முதலில், பெண் அடுத்து. இருவரும் சொல்லாத ஒன்றைத்தான் பெரியவன் சொல்ல வேண்டும்.

உங்கள் கணவருக்கு ராத்திரி 20 நிமிடம் போதும். ஜமக்காளத்தின் நீள அகலம், சதுர அடி, தள்ளுபடி விழுக்காடு, ஜி.எஸ்.டி. என்று கடைக் கணக்கை வாய்க்கணக்காகக் கேட்கட்டும். மாதக் கடைசியில், களைத்து வந்த நாளில் கேட்டால் கணக்கு திட்டில் முடியும், அன்றைக்கு விட்டுவிடலாம்.

பெரியவன் விஷயம். என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆகவே இந்தப் பருவம் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கானது அல்ல. தேர்ச்சிக்கு ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. எல்லாப் பாடத்தையும் ஒரே தடவையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு அல்லது மூன்று பாடமாகப் பிரித்து எழுதுவது அவனுக்கும் உங்களுக்கும் நல்லது.

இந்த 16 வாரத்தில் பின்னமும் குறை எண்களும் சந்தேகமில்லாமல் வந்தாக வேண்டும். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இடிக்கும். இன்னொன்று, கை. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் வாயால் அழகாகப் பதில் சொல்வார்கள், அரை மணி நேரம் தொடர்ந்து எழுதச் சொன்னால் விரல் வலிக்கிறது என்பார்கள். வாரம் இரண்டு நாள், முதலில் 15 நிமிடம் நிறுத்தாமல் எழுதட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால், கடைசிப் பாட வாரத்தில் 50 நிமிடத்தில் நிற்பான்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலை பாக்கி. பதினோராம் வகுப்பை எந்தப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்களோ அங்கே நேரில் போய், எந்தப் பிரிவுக்கு எந்தெந்தப் பாடமும் மொழியும் கேட்பார்கள், இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று விசாரித்துவிட்டுப் பாடம் தேர்ந்தெடுங்கள். அப்புறம், அவன் பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், மற்றொன்றில் பின்னால், பெயரில் ஆங்கில எழுத்து ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் இந்த மாதமே திருத்த மனு கொடுங்கள். ஜனவரி வரை காத்திருந்தால் சேர்க்கை நேரத்தில் அலைய நேரும்.