வெட் கிரைண்டர் நேம் பிளேட்டுக்கு எந்த ஃபினிஷ், எந்த டிசைன் நல்லது?

கேட்டவர் டேபிள் டாப் கிரைண்டர் தயாரிக்கிறாராம். முன்பக்கம் ஒட்ட அலுமினிய நேம் பிளேட் வேண்டும், சப்ளையர் பிரஷ் ஃபினிஷ், ஸ்பின், கண்ணாடி பாலிஷ், பூவேலை எம்போஸ் என்று சாம்பிள்களை அடுக்கிவிட்டார், எதை எடுப்பது என்று கேட்கிறார்.

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளுக்கு நேம் பிளேட் அடிக்கிற பட்டறையில் 14 வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்கிறேன். சாம்பிளைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். கையில் இருக்கும்போது கண்ணாடி பாலிஷ்தான் ஜெயிக்கும். அதே தகட்டைச் சமையல் மேடையில் டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து, நின்றபடி பாருங்கள், விளக்கு அப்படியே அதில் விழுந்து உங்கள் பிராண்ட் பெயரை மறைத்துவிடும், அப்புறம் ஒவ்வொரு விரல் ரேகையும் தெரியும்.

பூவேலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆழமாக எம்போஸ் செய்த டிசைனின் பள்ளத்தில் உளுந்து மாவு போய் உட்காரும். காய்ந்துவிட்டால் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், ஈரத்துணிக்கு வராது, வீட்டில் பச்சை ஸ்க்ரப்பரை எடுத்துத் தேய்ப்பார்கள். ஆறு மாதத்தில் பூவின் மேடு வெளுத்து, பள்ளம் பழுப்பாகி நிற்கும். சர்வீஸுக்குத் திரும்பி வந்த கிரைண்டர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த டையை (தகட்டில் டிசைனை அழுத்தும் அச்சை) வெட்டியவர் அவ்வளவு நுணுக்கமாக வெட்டியிருப்பார். டிசைன் கட்டாயம் வேண்டுமென்றால் பள்ளமே இல்லாமல் செய்யலாம்: பளபளப்பான தகட்டின் மேல் நிறமில்லாத மேட் (பளபளப்பில்லாத) மையில் கோலத்தை மட்டும் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால் வெளிச்சம் சாயும்போதுதான் கோடு தெரியும், துடைப்பதும் சுலபம். அதுவும் ஓரத்தோடு நிற்கட்டும், எழுத்துக்குப் பின்னால் போகக்கூடாது.

கிரைண்டருக்கு என் ஓட்டு பிரஷ் ஃபினிஷுக்குத்தான், அதாவது தகடு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடுவது. கோடு ஓடும் திசையிலேயே சின்னக் கீறல் விழுந்தால் அதோடு கலந்துவிடும். படுக்கைவாட்டில் கோடு இருந்தால் துடைக்கிற கையும் பெரும்பாலும் அப்படியே போகும். ஆனால் ஆர்ட்வொர்க்கிலேயே அம்புக்குறி போட்டுக் கோட்டின் திசையைக் குறித்துக் கொடுங்கள். ஒருமுறை எங்கள் பட்டறையில் ஷீட் மிச்சம் பிடிக்கிறோம் என்று பாதித் தகடுகளைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டோம். தனித்தனியாகப் பார்த்தபோது யாருக்கும் தெரியவில்லை. கடை அலமாரியில் வரிசையாக வைத்ததும் ஒன்று வெளுப்பாகவும் பக்கத்தில் இருப்பது கறுப்பாகவும் தெரிந்தது. ஒரே அலுமினியம், ஒரே அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஏற்றும் ஆக்சைடு படலம்), கோடு மட்டும் 90 டிகிரி மாறியிருந்தது. மொத்தத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தோம்.

ஸ்பின், அதாவது வட்ட வட்டமாகக் கோடு ஓடுவது, வட்டமான பேட்ஜுக்கு அழகு. விசிறி மாதிரி வெளிச்சம் சுழலும். வட்டத்தின் மையம் பேட்ஜின் மையத்திலிருந்து 1 மி.மீ. நகர்ந்தாலும் கண்ணுக்கு உறுத்தும், நீள்சதுரத் தகட்டில் வேண்டாம். சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மீன் செதில் போலத் தெரியும் ஃபினிஷும் உண்டு. 1927-ல் லிண்ட்பர்க் அட்லாண்டிக் தாண்டிய ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ் விமானத்தின் மூக்கில் இருப்பது அதுதான். எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதன்மேல் எழுத்து நிற்காது.

வோல்டேஜ், வாட், சீரியல் நம்பர் எல்லாம் தனித் தகட்டில், சாதாரண மேட் ஃபினிஷில் போகட்டும். ஐ.எஸ். 302 (வீட்டு மின்சாதனங்களுக்கான இந்தியப் பாதுகாப்புத் தரம்) சோதனையில் தண்ணீர்த் துணியால் 15 நொடி, பிறகு பெட்ரோலியம் ஸ்பிரிட் துணியால் 15 நொடி தேய்ப்பார்கள், அதற்குப் பிறகும் எழுத்தைப் படிக்க முடியவேண்டும். பளபளக்கும் தகட்டில் பார்கோடு ஸ்கேனரும் தடுமாறும், அந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை அடித்து அதன்மேல் கறுப்பில் அச்சிடச் சொல்லுங்கள்.

டை வெட்டுவதற்கு முன் ஐந்து சாம்பிள் வாங்கி, உளுந்து மாவைப் பூசி ஓர் இரவு காயவிட்டு, காலையில் ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.