சரக்கு அடுக்கும் பேலட் கட்டையில் ஒயின் பாட்டில் ஸ்டாண்ட் வீட்டிலேயே செய்ய முடியுமா? மதுரைச் சூட்டுக்குத் தாங்குமா?

தாராளமாகச் செய்யலாம். பழைய பேலட்டுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள், ஆனால் காசு கொடுக்கும் முன் கட்டையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பார்த்தே ஆக வேண்டும்: எச்.டி. (HT) என்றால் மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, நல்லது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம். எண்ணெய்க் கறை படிந்ததும் வேண்டாம்.

பலகையைக் கழற்றுவதுதான் பெரிய வேலை. பேலட் ஆணி பெரும்பாலும் முறுக்கு ஆணி என்பதால் கடப்பாரை வைத்து நெம்பினால் பலகை நுனியிலேயே பிளந்துவிடும், அதனால் பலகைக்கும் கட்டைக்கும் இடையே ஆக்சா பிளேடை விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள், மெதுவாகத்தான் போகும், ஆனால் பலகை முழுசாக வரும். அப்புறம் உப்புத்தாள் போட்டுச் சிலாம்பு போகத் தேயுங்கள்.

750 மில்லி பாட்டில் ஏறத்தாழ 7.5 செ.மீ. விட்டம் இருக்கும். பின்பலகையில் அடிப்பாகம் உட்கார 8 செ.மீ. அகல அரைவட்டம், முன்பலகையில் கழுத்துக்கு 3.5 செ.மீ., மையத்துக்கு மையம் 11 செ.மீ. விடுங்கள். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைத்தால்தான் கார்க் காயாது. திருகு மூடிக்கு அந்தக் கவலை இல்லை.

மரம் சூட்டைத் தாங்கும், ஒயின் தாங்காது. அதற்கு 12 முதல் 15 டிகிரி போதும், நம்மூர் சித்திரை வெயிலில் மாடி அறை அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழ்வீட்டில், வெயில் படாத உள்சுவரில் மாட்டுங்கள். தரையில் வைத்தால் கரையான் ஏறும். ஆறு பாட்டில் எட்டு கிலோவை நெருங்கும், சுவரில் பிளக் அடித்தே திருகுங்கள்.