ஃபார்மேட் செய்யச் சொல்லும் மீடியா டிஸ்க்: முதலில் மீட்பு, பிறகு பழுது

கேள்வி: 2 டிபி போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை ராஸ்ப்பெரி பை 4 என்ற சின்ன கம்ப்யூட்டரில் மாட்டி, லிப்ரஎலெக் என்ற லினக்ஸ் சிஸ்டத்தில் கோடி என்ற பிளேயர் வழியாகப் படம் பார்க்கிறோம். புதுப் படம் ஏற்றும்போது டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் லேப்டாப்பில் மாட்டுவேன். முதலில் சில ஃபோல்டர்கள் காலியாகத் தெரிந்தன. இப்போது லேப்டாப் ஃபார்மேட் செய்யச் சொல்கிறது. கோடிதான் கெடுக்கிறதா? குடும்ப வீடியோக்களும் அதில்தான் இருக்கின்றன.

பதில்: ஃபார்மேட் வேண்டாம், ‘கேன்சல்’ கொடுங்கள். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று கேட்டால் அதுவும் இப்போதைக்கு வேண்டாம். விண்டோஸின் செக்டிஸ்க்குக்குத் தெரிந்ததெல்லாம் டிஸ்க்கின் கணக்கை (எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவை) நேர்செய்வது மட்டும்தான். கணக்கில் இடிக்கும் கோப்பை வெட்டி, பெயரில்லாத துண்டுகளாக ‘ஃபவுண்ட்’ ஃபோல்டரில் போட்டுவிடும். காப்பி எடுத்த பிறகு ஓட்டினால் நஷ்டமில்லை. முன்னால் ஓட்டினால் சில சமயம் மீட்கவே முடியாது.

டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் வருகிறதா? வந்தால் உடனே கழற்றி, டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு முறை சுழலவிடுவதும் சேதத்தைக் கூட்டும். பெட்டியைப் பிரித்து உள்ளேயிருக்கும் டிஸ்க்கை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யுஎஸ்பி இணைப்பே போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும், டேட்டாவும் அந்த போர்டிலேயே என்க்ரிப்ட் ஆகும். அவற்றைப் பிரித்துப் பயனில்லை.

சத்தம் இல்லையென்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைக்கும் பதிவைப் பாருங்கள். ‘கரண்ட் பெண்டிங் செக்டர்’, ‘அன்கரெக்டபிள் செக்டர்’ இரண்டிலும் ரா மதிப்பு பூஜ்யமாக இருந்தால் டிஸ்க்கின் பரப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, ஃபைல் சிஸ்டம்தான் (மேலே சொன்ன கணக்கு) குழம்பியிருக்கிறது. பூஜ்யம் இல்லையென்றால் கோப்பு கோப்பாக காப்பி செய்யாமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைக் கொண்டு முழு டிஸ்க்கையும் அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு இமேஜ் (அப்படியே முழு நகல்) எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்போடு ஓட்டினால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பரப்பு நன்றாக இருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் போதும். இலவசம், விண்டோஸிலும் ஓடும். பார்ட்டிஷனைத் தேடிக் கோப்புப் பட்டியலைக் காட்டும். அங்கிருந்தே வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்யலாம். ‘ரைட்’ என்ற தேர்வைத் தொடாதீர்கள், அது கெட்ட டிஸ்க்கிலேயே எழுதும். ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள் கடைசி வழி. கோப்பு கிடைக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். 500 வீடியோவையும் திறந்து பார்த்துப் பெயர் வைப்பது பெரிய தண்டனை.

இனி, கோடியா காரணம்? பெரும்பாலும் இல்லை. கோடியின் லைப்ரரி (படங்களின் பட்டியல்) பையின் எஸ்டி கார்டில் இருக்கிறது. உங்கள் டிஸ்க்கில் அது எழுதுவது மிகக் குறைவு: படத்துக்குப் பக்கத்திலேயே சேமிக்கும் சப்டைட்டில், லைப்ரரியைத் தனித்தனிக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் வரும் என்எஃப்ஓ கோப்புகளும் (படத்தின் விவரக் குறிப்பு) போஸ்டர்களும், அவ்வளவுதான். எழுதுகிற அந்த நேரத்தில் கரண்ட் போவதும், கேபிளை உருவுவதும்தான் கெடுக்கிறது.

உங்கள் பழக்கத்தைப் பார்த்தால் முதல் சந்தேகம் லேப்டாப் மேல்தான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ‘ஷட் டவுன்’ என்பது பாதித் தூக்கம்தான். டிஸ்க்கின் பழைய நிலையை நினைவில் வைத்தபடியே அது உறங்கும். நடுவில் பை எதையாவது எழுதிவிட்டால், விழித்ததும் பழைய கணக்கை வைத்துக்கொண்டு விண்டோஸ் மேலே எழுதிவிடக்கூடும். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: பையில் படம் ஓடும், ஆனால் சப்டைட்டில் சேமிக்க முடியாது. டிஸ்க் சரியாக மூடப்படாததால் லினக்ஸ் அதை ‘ரீட் ஒன்லி’யாகத் திறந்திருக்கிறது என்று பொருள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் தேர்வுகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது உருவும் பழக்கம். காப்பி 100 சதவீதம் காட்டினாலும் லினக்ஸ் கடைசிப் பகுதியை ரேமில் சுமார் 30 விநாடி வரை வைத்திருக்கலாம். கோடியில் டிஸ்க்கின் மெனுவில் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்தோ, பையை முறையாக அணைத்தோதான் கழற்ற வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான். 2.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் தனியாகவே 1 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை வேண்டும். மொபைல் சார்ஜரும் மெல்லிய கேபிளும் என்றால் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கி கர்னல் லாகில் (சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவில்) ‘அண்டர்வோல்டேஜ்’ என்று பதிவாகும். டிஸ்க் ஒரு கணம் அணைந்து எரியும். படம் பார்ப்பவருக்கு ஒரு விக்கல், ஃபைல் சிஸ்டத்துக்கோ பாதி எழுதிய பக்கம். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் இதைத் தீர்க்கும். கரண்ட் அடிக்கடி போகும் வீட்டில் பை, ஹப் இரண்டையும் சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

காப்பி எடுத்து முடித்ததும் டிஸ்க்கை என்ன ஃபார்மேட்டில் போடுவது? எக்ஸ்ஃபேட் எல்லாக் கருவியிலும் ஓடும் என்பதால் பலர் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. அதில் ஜர்னல் கிடையாது, நடுவில் கரண்ட் போனால் திரும்பிப் பார்த்துச் சரிசெய்ய குறிப்பேடே இல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல் உண்டு, ஆனால் பழுது பார்க்க விண்டோஸ்தான் வேண்டும். லினக்ஸில் உள்ள கருவி மேலோட்டமாக மட்டுமே சரிசெய்யும்.

நான் தேர்ந்தெடுப்பது லினக்ஸின் எக்ஸ்ட்4. டிஸ்க் பையோடேயே இருக்கட்டும். புதுப் படத்தை லிப்ரஎலெக்கின் சம்பா ஷேர் (லேப்டாப்பில் நெட்வொர்க் ஃபோல்டராகத் தெரிவது) வழியாக நெட்வொர்க்கில் அனுப்புங்கள். கழற்றி மாட்டும் வேலையே இல்லை. லேன் கேபிளில் 10 ஜிபி இரண்டு மூன்று நிமிடத்தில் ஏறிவிடும். எக்ஸ்ட்4 போடும்போது ரூட்டுக்கென (நிர்வாகிக் கணக்குக்கென) ஒதுக்கும் 5 சதவீதத்தைப் பூஜ்யமாக்குங்கள், 2 டிபியில் கிட்டத்தட்ட 100 ஜிபி மிச்சம். விண்டோஸ் இந்த ஃபார்மேட்டை நேரடியாகப் படிக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் தவறி மாட்டினால் மறுபடி ஃபார்மேட் கேட்கும்!

இத்தனைக்கும் பிறகு டிஸ்க் தானாக அறுந்து இணைந்தால் முதலில் வேறு கேபிளும், கறுப்பு நிற யுஎஸ்பி 2 போர்ட்டும் முயலுங்கள். 4கே படத்துக்கே விநாடிக்கு 15 மெகாபைட் அளவுதான் தேவை, அந்த போர்ட் 30 தரும். அப்போதும் லாகில் ‘யுஏஎஸ்’ (யுஎஸ்பி டிஸ்க்கை இயக்கும் ஒரு டிரைவர்) என்ற சொல்லோடு பிழை வந்தால் பெட்டிக்குள் யுஎஸ்பியையும் டிஸ்க்கையும் இணைக்கும் பிரிட்ஜ் சிப்புக்கும் அந்த டிரைவருக்கும் ஒத்துப்போகவில்லை. பூட் வரியில் (பை தொடங்கும்போது படிக்கும் அமைப்பு வரியில்) யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்ற அமைப்பில் டிஸ்க்கின் வெண்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் கொடுத்து யுஏஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பிறகு ஒரு 20 ஜிபி கோப்பை ஏற்றிப் பார்த்து, லாகில் ‘ரீசெட்’ வரிகள் வரவில்லையென்றால் குடும்ப வீடியோக்களைத் திருப்பி ஏற்றலாம். மீட்டெடுத்த பிரதியை அழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.