வாசகர் கேள்வி: ஒப்பம் வைத்தார்களே, பிறகு?

கேள்வி: உள்நாட்டுப் போருக்குப் பிறகு எழுதப்படும் சமாதான ஒப்பந்தங்கள் ஏன் நடைமுறைக்கு வருவதில்லை? ‘அரசியல் விருப்பம் இல்லை’ என்று ஒரு வரியில் வகுப்பில் முடித்துவிட்டார்கள்.
- உயர்தர மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: ஆசிரியர் சொன்னது பிழையில்லை, மகள். ஆனால் விருப்பமில்லாதவர் நழுவிப் போக ஒப்பந்தத்திலேயே ஒரு கடப்பு வைத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பாருங்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைத்தது அது. வடக்கோடு சேர்ந்திருப்பதா என்று கிழக்கு மக்களிடம் 1988 டிசம்பர் 31க்குள் சர்வசன வாக்கெடுப்பு. கூடவே, ஜனாதிபதி விரும்பினால் அதை ஒத்திவைக்கலாம் என்றும் இருக்கிறது. வருசா வருசம் ஒத்திவைத்தார்கள். எனக்குத் தலை நரைத்தது, வாக்குச்சீட்டு வரவில்லை. 2006 ஒக்டோபரில் இணைப்பே செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. (எதற்குப் போட்டிருப்பீர்கள் என்று கேட்க வேண்டாம். எங்கள் வீட்டிலேயே இரண்டு அபிப்பிராயம்.)

2002 பெப்ரவரியில் அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த ஒப்பந்தம். அம்மா வாவிக்கு அந்தப் பக்கம், புலிகளின் பகுதியான படுவான்கரையில், நான் டவுனில் கிளாக்கர் வேலையில். அம்மாவின் ரேடியோவுக்கு இரண்டு பென்ரோச் பற்றறி வாங்கிக்கொண்டு போனேன். வாவியைக் கடக்குமுன் சோதனைச்சாவடியில் சிப்பாய் அதை எடுத்து மேசையில் வைத்தான். “சமாதானம் வந்திட்டே, தம்பி?” என்றேன் அரைகுறைச் சிங்களத்தில். சிரித்தான், தரவில்லை. பிறகு பின்னிணைப்பை வாசித்தேன்: தடைப்பட்ட பொருட்களில் பென்ரோச் பற்றறியும் இருந்தது! சமாதானச் செய்தி கேட்கத்தான் அம்மாவுக்கு அந்த ரேடியோ.

சுனாமியை எடுங்கள். இங்கே நாவலடியையும் மருதமுனையையும் அடித்த அதே கடல்தான் இந்தோனேசியாவின் ஆச்சேயையும் அடித்தது. நிவாரணத்தைச் சேர்ந்து செய்ய அரசும் புலிகளும் 2005 ஜூன் 24இல் ஒப்பமிட்டார்கள். ஜூலை 15இல் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அம்பாறைக் கரையோரத்தில் அத்தனை முஸ்லிம்கள் செத்தும், கையொப்பமிட்டவர்களில் அவர்கள் தரப்பு இல்லை. அந்தக் கோபம் நியாயமானது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல், இந்தோனேசிய அரசுக்கும் ஆச்சே கிளர்ச்சியாளருக்கும் ஒப்பந்தம். கிளர்ச்சியாளரின் 840 ஆயுதங்கள், நான்கு கட்டம், செப்டெம்பர் 15இல் தொடங்கி டிசம்பர் 31க்குள் ஒப்படைப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் அரச படையும் பின்வாங்க வேண்டும். எண்ணிக்கையும் தேதியும் இருந்தன, நடந்தது. அதே தாளில், போர்க்கால மீறல்களை விசாரிக்கும் உண்மை ஆணைக்குழுவுக்குத் தேதியில்லை. அதற்கு உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டது 2016இல்.

ஒரு சிவப்புப் பென்சில் எடுத்து, 1987 ஒப்பந்தத்தில் ‘லாம்’ என்று முடிகிற இடங்களுக்கெல்லாம் கீழே கோடு போடுங்கள். சின்ன ஒப்பந்தம்தான், ஒரு பின்னேரம் போதும்.